துறைமுகத்துக்கு விழா எடுத்தால் எதைக் காட்டுவது?

வாசகர் கேள்வி, மார்ச் 1

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பிடி மரபைக் கொண்டாட ஒருநாள் விழா நடத்தலாம் என்று நண்பர்கள் சிலர் பேசிவருகிறோம். ஒரு கட்டுமரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது, வலை வீசும் போட்டி, மீன் குழம்புப் போட்டி, பழைய படங்கள், மாலையில் மேடை. இதுவரை இவ்வளவுதான். வேறு என்ன சேர்க்கலாம்? துறைமுகத்தோடு பழக்கமுள்ளவர்கள் சொல்லவும்.

மார்ச் 2

கட்டுமரத்தை நிறுத்துங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கட்டுமரத்துக்குத் துறைமுகமே தேவையில்லை. மணல் போதும். துறைமுகம் வந்தது விசைப்படகுக்காக. ஐஸ், டீசல், ஏலம், லாரி, முன்பணம், கணக்கு, இவை சேர்ந்ததுதான் துறைமுகம். உங்கள் பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை.

நான் அக்கரைப்பேட்டைப் பக்கம் படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். தாத்தா கட்டுமரத்தில் போனார், அப்பா விசைப்படகில் ஆளாகப் போனார், எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி. அதனால் நோட்டும் பேனாவும். இந்த ஊரில் மீன் பிடிக்காமல் மீனை நம்பிப் பிழைப்பவர்கள்தான் அதிகம். ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், வலை பொத்துபவர், மீன் வெட்டும் அக்காமார்கள். அவர்களை விட்டுவிட்டு மரபு என்று சொன்னால் பாதிப் படகைத்தான் காட்டுகிறீர்கள்.

மார்ச் 2, இரவு

தேதியை யோசித்தீர்களா? கடல் நன்றாக இருக்கும் நாளில் வைத்தால் கொண்டாடப்பட வேண்டியவர்கள் எல்லாம் கடலில் இருப்பார்கள். நவம்பர் 21 உலக மீனவர் நாள், அன்று வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பந்தலை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

மீதி இருப்பது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது.

மார்ச் 4

காரைக்காலிலிருந்து ஒருவர், தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையில்தான் இருக்கும், அதுவே சரியான நேரம் என்கிறார். அப்படியில்லை. தடை விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகுக்காரர்கள் அப்போதும் கரையோரம் தொழிலுக்குப் போவார்கள். சொல்லப்போனால் அவர்களுக்கு அதுதான் நல்ல காலம். பெரிய படகு இல்லாததால் மீனுக்கு விலை கிடைக்கும். கோலா மீன் வருவதும் அதையொட்டித்தான். செடிக் கொத்துகளைக் கட்டி மிதக்கவிட்டால் முட்டையிட கோலா கூட்டமாக அதில் வந்து ஒட்டும், வாரி எடுத்துவிடலாம். தாத்தா அந்தத் தொழிலை அவ்வளவு ரசித்துச் சொல்வார். எனக்கு அந்த மீனின் முள் மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஆக எந்தத் தேதி வைத்தாலும் ஒரு தரப்பு வேலையில் இருக்கும். வேலை செய்யும் துறைமுகம் என்றால் அப்படித்தான்.

மார்ச் 5

"விசைப்படகு எப்படி மரபாகும்? அது நேற்று வந்தது, கடலை அழித்ததும் அதுதான்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

நேற்று வந்ததில்லை. இந்தோ நார்வே திட்டத்துக்கு ஒப்பந்தம் 1952இல். கொல்லம் பக்கத்து நீண்டகரையில் இயந்திரப் படகும் ஐஸும் அதன் வழியே வந்தன. பிறகு அரசு மானியத்தில் தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகு இறங்கியது. 1960களில் இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறியதும் இழுவை மடி, அதாவது படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலை, எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறை. ஒரு வீட்டில் தாத்தா, அப்பா, மகன் மூவரும் விசைப்படகில் போனவர்கள் என்றால் அவர்கள் பிள்ளைக்கு எது மரபு? அவன் பார்த்தேயிராத கட்டுமரமா?

அழித்தது என்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது எளிதில் முடிகிற பேச்சில்லை.

மார்ச் 6

ஆமாம், என் அப்பா விசைப்படகில் போனவர், அதனால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறில்லை.

மார்ச் 13

மாசிமகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் போய்வந்தேன். இந்தப் பேச்சு மண்டைக்குள் இருந்ததால் எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்த்தேன் போல.

தெரியாதவர்களுக்கு: திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்குக் கடலாடத் திருமலைராயன்பட்டினம் வருவார். மீனவர் குலத்துப் பெண்ணான பத்மினியை அவர் மணந்தார் என்பது ஐதீகம். அதனால் அங்குள்ள மீனவ ஊரான பட்டினச்சேரி ஆட்களுக்கு அவர் பெருமாள் இல்லை, மாப்பிள்ளை. பவழக்கால் சப்பரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு "மாப்பிள்ளே, மாப்பிள்ளே" என்று கத்திக்கொண்டு மணலில் ஓடுவார்கள். சுற்றி நிற்கும் மற்ற ஊர்க்காரர்கள் கும்பிடுவார்கள். இவர்கள் கும்பிடுவதைவிட உரிமை எடுத்துக்கொள்வதுதான் அதிகம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், சப்பரம் ஈர மணலில் இறங்கியதும், "மெல்ல, மெல்லடா, மாப்பிள்ளைக்கு வேட்டி நனையுது" என்றார். சிரிக்கவில்லை. உண்மையான அக்கறை.

இங்கே யாரும் "மரபைக் கொண்டாடுகிறோம்" என்று பேனர் கட்டவில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, யார் தோள் கொடுப்பது என்று பஞ்சாயத்தில் பேசி, வேலையைப் பார்க்கிறார்கள். உங்கள் விழாவுக்கு மாதிரி வேண்டுமென்றால் இங்கிருந்து எடுக்கலாம். முதல் கேள்வி, யார் வீட்டு விழா? இரண்டாவது, யார் காசு? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மேடை தானாக வந்துவிடும்.

மார்ச் 14

ஒருவர் நாகூர் கந்தூரியை விட்டுவிட்டேன் என்கிறார். விடவில்லை, எழுத நேரமில்லை. நாகையிலிருந்து கொடி போகிற அந்த ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் போவதை நின்று பார்க்காத மீனவக் குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது. செப்டம்பர் 8க்கு வேளாங்கண்ணி. படகுக்குப் பெயர் வைப்பதையும் பாருங்கள், ஒரே வரிசையில் அம்மன் பெயர், ஆண்டவர் பெயர், மாதா பெயர், நடுவில் முதலாளியின் பெண் பெயர். கடலில் யார் காப்பாற்றுவார் என்று யாருக்குத் தெரியும், எல்லோரையும் கூப்பிட்டுவைப்போம் என்கிற கணக்கு.

மார்ச் 16

அதிபத்தரை யாரும் சொல்லவில்லையே! நாகைக்காரர்கள் இத்தனை பேர் இருந்தும்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர், நாகைக் கரை மீனவர். வலையில் வரும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். பாடு, அதாவது கிடைக்கும் மீன், குறைந்து ஒற்றை மீன் வந்த நாளிலும் அதையே விட்டார். கடைசியில் ஒருநாள் தங்க மீன் ஒன்று மட்டும் வந்தது. அதையும் விட்டார். ஆவணி மாதம் காயாரோகணசுவாமி கோயில் சார்பில் இந்த நிகழ்வை இன்றும் நடத்துகிறார்கள். படகில் கடலுக்குள் போய்த் தங்க மீனைக் கடலில் விடுவது. கரை நிறையக் கூட்டம்.

எனக்குக் கணக்கு எழுதுகிறவனின் தொழில்நோய் ஒன்று உண்டு. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்குக் கூட வந்த ஆட்களுக்குப் பங்கு என்ன கொடுத்தார் என்று தோன்றும். ஒருமுறை எங்கள் படகு டிரைவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணே, அவர் நாயனார் ஆனார். ஆளுங்க கடன்காரங்க ஆயிருப்பாங்க" என்றார்.

மார்ச் 20

பங்கு என்று சொன்னதும் இரண்டு பேர் அது என்ன முறை என்று கேட்டிருக்கிறார்கள். சரி, என் களம் இது, நீளமாகப் போகும்.

விசைப்படகில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. போய்வந்த பாட்டை விற்று, செலவைக் கழித்து, மீதியைப் பிரிப்பது. உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. சில நாள் தங்கித் தொழில் செய்து வந்த படகு, விற்பனை 3,00,000 ரூபாய் என்று வையுங்கள். டீசல், ஐஸ், அரிசி மளிகை, ஏலக் கமிஷன், சில்லறை எல்லாம் 2,10,000. மீதி 90,000. முதலாளிக்கு நூற்றுக்கு அறுபது என்றால் 54,000. ஆட்களுக்கு 36,000. டிரைவரோடு எட்டுப் பேர், டிரைவருக்கு இரண்டு பங்கு, ஆக ஒன்பது பங்கு. ஆளுக்கு 4,000, டிரைவருக்கு 8,000. விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். முறை இதுதான்.

இதில் பார்க்க வேண்டியது, நஷ்டம் வந்தால் என்ன என்பது. விற்பனை 2,00,000தான் என்றால் செலவே தேறவில்லை. ஆளுக்குப் பங்கு பூஜ்யம். கறிமீன் மட்டும் வீட்டுக்குப் போகும். அப்போது முதலாளி ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்து அடுத்த முறைக்கு நிறுத்திவைப்பார். முதலாளிக்கு யார் கொடுப்பது? வியாபாரி. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு மீனை அவரிடம்தான் போட வேண்டும். ஏலத்தில் வெளியாள் கூடக் கேட்டாலும் பேச்சு மீற முடியாது. ஒரு கூடை வவ்வால் மீனின் விலையில் இத்தனை பேருடைய வாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, எனக்கு முன்னால் எழுதியவருடையது. நீள நோட்டு, ஓரம் டீசலில் ஊறிப் பழுப்பு. உள்ளே பெயர்கள் கிடையாது, அடையாளங்கள்தான். கட்டை, சின்னவர் மாமா, மாலுமி, புது ஆள். ஒரு பக்கத்தில் புது ஆளுக்கு அரைப் பங்கு, நான்கு பக்கம் தள்ளி முக்கால், கடைசிப் பக்கங்களில் முழுப் பங்கு, அதற்குள் அவருக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. ஒரு பையன் மீனவன் ஆன வரலாறு அந்த நோட்டில் இருக்கிறது. இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். வலை வீசும் போட்டியில் இது தெரியாது.

மார்ச் 21

நோட்டைத் தருவீர்களா என்று விழாக்காரர் கேட்டிருக்கிறார். தருகிறேன். இரண்டு பக்கம் மட்டும் திறந்துவைக்க வேண்டும். கடன் பக்கங்கள் வேண்டாம். சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

ஏப்ரல் 16

தடை தொடங்கிவிட்டது. 2001இல் இந்த வழக்கம் வந்தபோது 45 நாள், 2017 முதல் 61. மீன் இனம் பெருகுகிற காலம் என்பதால். குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். அறுபத்தொரு நாளுக்கு அதை வகுத்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

ஆனால் துறைமுகம் சும்மா இல்லை. படகுகள் கரையேற்றப்பட்டு அடி சுரண்டுகிறார்கள். மரப் படகுகளுக்குக் கலப்பத்து நடக்கிறது. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கும் அந்த டொக் டொக் ஓசை நாள் முழுக்க. அடித்த இடத்தை ஆசாரி காதால் சரிபார்க்கிறார். திரி இறுகிவிட்டால் ஓசை மாறுமாம். எனக்கு எல்லாம் ஒரே ஓசைதான்.

வலைக் கொட்டகையில் ஒருவர் கால் கட்டை விரலில் வலையை மாட்டி இழுத்துவைத்துக்கொண்டு பொத்துகிறார். ஊசி போவது தெரியவில்லை. கிழிந்த இடத்தில் முதலில் நல்ல கண்ணியையும் வெட்டி எறிகிறார். ஓட்டையைப் பெரிதாக்குகிறாரே என்று பார்த்தால், கிழிசல் ஓரத்தை நேராக்கினால்தான் கண்ணி அளவு பிசகாமல் வரும் என்கிறார். பேசும்போது கை நிற்கவில்லை. டீ வந்ததும்தான் நின்றது. அவர் கையில் தொழிலுக்கு முப்பது நாற்பது வருடம் இருக்கும். உங்கள் விழாவில் இவரை மேடையேற்றிச் சால்வை போர்த்தாதீர்கள். கொட்டகையிலேயே உட்காரவிட்டு மக்களைச் சுற்றி உட்காரவையுங்கள். கூலி கொடுத்து.

ஏப்ரல் 19

பாட்டு பற்றி. "ஏலேலோ ஐலசா" பாடவைக்கலாம் என்று ஒரு யோசனை. கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே நேரத்தில் எட்டு வைக்கப் பாட்டு வேண்டும். விசைப்படகில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரம் இழுக்கிறது, இன்ஜின் சத்தத்தில் பாட்டு எங்கே கேட்பது? செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு மீன் பிரிப்பார்கள், அவ்வளவுதான்.

பாட்டு போனதே என்று வருந்தும் யாரும் கயிறு இழுத்தவர்கள் இல்லை. என் சித்தப்பாவின் உள்ளங்கையைப் பார்த்திருந்தால் வின்ச்சுக்கு நீங்களே பாட்டு எழுதுவீர்கள்.

ஏப்ரல் 20

இரண்டாவது எண்ணம். பாட்டு கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. கரைவலை இன்னும் இழுக்கும் இடங்களில் போய்ப் பதிவு செய்யலாம். மேடையில் சீருடை போட்டுக்கொண்டு காற்றை இழுக்கவைப்பதுதான் ஆகாது.

மே 4

மீன் குழம்புப் போட்டி. இதை மீன் விற்கும் அக்காமாரிடம் சொன்னேன். முதலில் சிரிப்பு. அப்புறம் ஒருவர், "தம்பி, நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறோம். குழம்பு வெக்கிறது எங்க மருமவ. அவளுக்குக் குடுங்க பரிசை" என்றார். இன்னொருவர், "குழம்பு இருக்கட்டும், உட்கார நிழல் இருக்கா, கழிப்பறை இருக்கா, அதைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

இவர்கள் வேலையை ஒருமுறை நின்று பாருங்கள். ஏலத்தில் ஒரு பெட்டியை நான்கு பேர் சேர்ந்து எடுப்பார்கள், தனியாக எடுக்கப் பணம் இருக்காது. தரையில் கொட்டி நான்கு கூறு. பிரிப்பவர் எந்தக் கூறைத் தானே எடுப்பது என்று கடைசியில்தான் தெரியும், அதனால் பிரிப்பு நேர்மையாக இருக்கும். சங்கரா நாலு, கிழங்கான் ஒரு கை, நடுவில் ஒரு பெரிய பாறை மீன் வந்தால் அதற்கு ஈடாக மற்றக் கூறுகளில் இறால். தராசு கிடையாது. கண்தான். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு திருவாரூர்ப் பக்கம் வரை போவார்கள். மீன் கூடை என்றால் பஸ்ஸில் முகத்தைச் சுளிப்பார்கள், சில நேரம் ஏற்றவே மாட்டார்கள். வாடிக்கை வீடுகளில் கடன் சொல்வார்கள். அத்தனையும் மனக்கணக்கு. என் நோட்டு இவர்கள் மண்டைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

போட்டி வைப்பதென்றால் கூறு போடும் போட்டி வையுங்கள். நடுவராக எதிர்க் கூறை எடுப்பவரே இருக்கட்டும்.

மே 5

பரிசாக மிக்ஸி வேண்டாமாம். ஐஸ் பெட்டி வேண்டுமாம்.

மே 22

ஒரு இளைஞர், 2004 சுனாமியைப் பற்றித் தனி அரங்கு வைக்கலாமா என்று கேட்கிறார். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்கள் இன்னும் பேச விரும்புவதில்லை. விசைப்படகுகள் ஊருக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக. டிசம்பர் 26 அன்று இன்றும் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அந்த நாள் அவர்களுடையதாக இருக்கட்டும். விழா அரங்கில் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு தொழில் மாறிய விதத்தைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது. கட்டுமரத்தில் போன மனிதர் திடீரென்று இன்ஜின், மண்ணெண்ணெய், டீசல் என்று செலவுக்காரர் ஆனார். கரைக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கிய மரத்துக்குப் பதில் டிராக்டர் வைத்து இழுக்கும் படகு. உதவி செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சிலர் மட்டும் யாருக்கு என்ன தொழில் என்று கேட்காமலேயே படகு கொடுத்தார்கள். எங்கள் தெருவில் கடலுக்கே போகாத ஒருவருக்குப் படகு வந்தது. வாங்கிக்கொண்டார், யார்தான் மாட்டேன் என்பார்? ஒரு வருடம் அதில் கோழி அடைத்துவைத்திருந்தார்.

நீங்கள் கொண்டுவந்து நிறுத்தப்போகும் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கதையை எழுதிவையுங்கள். அப்போதுதான் அது ஏன் காட்சிப் பொருள் ஆனது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

ஜூன் 3

கடலை அழித்தது விசைப்படகு என்ற பேச்சுக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் அப்பா நினைவு.

இழுவை மடி அடியைச் சுரண்டிக்கொண்டு போகும். வேண்டியது வேண்டாதது எல்லாம் வரும். குஞ்சு மீன், ஓட்டு மீன், சிறு நண்டு. அதைச் சங்காயம் என்று ஒதுக்கிக் கோழித் தீவனத்துக்குப் போடுகிறோம். என் கணக்கில் சங்காயத்துக்கு ஒரு தனி வரி உண்டு. ஆரம்பத்தில் அது சில்லறை. இப்போது சில படகுகளில் டீசல் காசின் ஒரு பங்கை அந்த வரிதான் தாங்குகிறது. நல்ல மீன் குறைந்ததால் குஞ்சு மீனை விற்கிறோம், குஞ்சு மீனை விற்பதால் நல்ல மீன் குறைகிறது. பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்லிவிடுவார் இது எங்கே போய் முடியும் என்று.

1970களில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் அடிதடியே நடந்தது. அதன் பிறகுதான் 1983 சட்டம் வந்து, கரையை ஒட்டிய 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஆனது. சட்டம் இருந்தும் வலை அறுத்த கதைகள் நின்றபாடில்லை. இராமேசுவரத்தில் வேறு வழி கண்டார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. கடலை நாளாகப் பங்கு போட்டார்கள். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே பல பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றியும் வருகிறார்கள். எனக்குத் தெரிந்து நம் கரையின் பெரிய சாதனைகளில் இது ஒன்று. யாரும் இதற்குச் சிலை வைக்கவில்லை.

எல்லை தாண்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். நம் ஆட்கள் பிடிபடும்போது, படகு பறிபோகும்போது நமக்கு வயிறு எரிகிறது. எரியத்தான் வேண்டும், அந்தப் படகுக் கடனை நான் எழுதியிருக்கிறேன். அதேநேரம் இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடைசெய்துவிட்டது. அந்தப் பக்கத்து மீனவரும் தமிழர்தான், போர் முடிந்து வலை வாங்கிப் போட்டவர், அந்த வலை மேல் நம் மடி போகிறது என்பது அவர் புகார். இரண்டும் உண்மை.

ஆக, மார்ச்சில் எழுதியதற்கு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு மரபு என்றால் அதன் கெடுதலும் சேர்த்து மரபு. படகைக் காட்டும்போது சங்காயக் கூடையையும் பக்கத்தில் வையுங்கள். நாற்றம் அடிக்கும், பரவாயில்லை.

ஜூன் 4

"இப்படி எழுதினால் சங்கத்துக்காரர்கள் உங்களைக் கணக்கு எழுத விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். சங்கக் கூட்டத்தில் இதைவிடக் காரமாகப் பேசுகிறார்கள். வெளியில்தான் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 15

நேற்று நள்ளிரவு தடை முடிந்தது. தூங்கவில்லை, அதனால் சுருக்கமாக.

மாலையிலிருந்தே ஐஸ் லாரிகள் வரிசை. ஐஸ் கட்டியை மிஷினில் தள்ளினால் மறுபக்கம் குழாய் வழியாகத் தூள் படகுக் கிடங்குக்குள் கொட்டுகிறது. கீழே நிற்பவர் முண்டாசைக் காதுவரை இழுத்துவிட்டு மண்வெட்டியால் தள்ளுகிறார். ஜூன் புழுக்கத்தில் அந்த ஒருவர் மட்டும் நடுங்குகிறார். டீசல் கேன், தண்ணீர், காய்கறி மூட்டை, வெற்றிலைக் கட்டு. புதுப் பெயிண்ட் வாசனை. படகின் முன்னணியத்தில் மாலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம். வீட்டுப் பெண்கள், குழந்தைகள், பாட்டிகள், ஊரே துறைமுகத்தில். பலூன் விற்கிறார்கள், சுண்டல் விற்கிறார்கள். ஐஸ் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் வண்டி. நல்ல வியாபாரம்.

பன்னிரண்டு தாண்டியதும் இன்ஜின்கள். முதலில் ஒன்று, பிறகு எது எது என்று தெரியாமல் எல்லாம். கடுவையாற்று முகத்தில் நெரிசல், ஒரு படகு இன்னொன்றை உரச, புதுப் பெயிண்ட் போச்சு என்று இருட்டில் ஒரு கெட்ட வார்த்தை. கரையில் எல்லோரும் சிரிப்பு.

பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் சுறாக் கொம்பை நட்டு வணங்கி, உண்டு ஆடிக் களித்தார்கள் என்று வரும். அது தொழில் நின்ற நாளின் விழா. நேற்றுப் பார்த்தது தொழில் தொடங்கும் நாளின் விழா. விழாக்காரரே, நீங்கள் தேடிய தேதி இதுதான், ஜூன் 14 இரவு. எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள், பந்தல் வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது பகலில் வலைக் கொட்டகையையும் கலப்பத்து இடத்தையும் திறந்துவைப்பது மட்டும். மாலைக்கு மேல் ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

ஜூன் 19

தங்கல், அதாவது பல நாள் கடலில் தங்கும் தொழில், போகாத படகுகள் வரத் தொடங்கிவிட்டன. இறாலும் கணவாயும் பரவாயில்லை, வஞ்சிரம் குறைவு. முதல் பாடு என்பதால் கூட்டம் விலையை ஏற்றிவிட்டது. அடுத்த வாரம் இறங்கும்.

விழாக்காரர்கள் நேரில் வந்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 14 என்று பேச்சு. கணக்கு நோட்டு, வலைக் கொட்டகை, கூறு போடும் போட்டி, கட்டுமரம் நான்கும் உண்டு. சங்காயக் கூடைக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, படம் மட்டும் வைக்கலாமாம். நான் விடுவதாக இல்லை. மேடை சிறியதாகுமாம். பேசுபவர் பட்டியல் மட்டும் நீளமாகவே இருக்கிறது.

வலை பொத்துபவர் அன்றைக்கு உட்காரத் தயார். கூலி எவ்வளவு என்று கேட்டார், முன்பணம் பாதி வேண்டும் என்றார். அக்காமார்களும் அதையேதான் கேட்டார்கள், அன்று வியாபாரம் போகும் இல்லையா. ஆளுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன், வரவு செலவில் முதல் வரியாக. மேடை ஒலிபெருக்கி அதற்குக் கீழே. அவர்கள் அதை மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் இங்கே சொல்கிறேன்.